பரண் மேலே ஒரு பங்களா

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தமிழ்க் குடும்பங்களுக்குத் தவறாமல் வரும் கவலை, "நம்ம வீடு ஏன் இப்படி இருக்கு?" என்பது. கேள்வி நியாயமானதுதான். உடனே ஏதாவது வாங்கியாக வேண்டும் என்று முடிவு கட்டுவதில்தான் தகராறு. புதுத் திரைச்சீலை வரும், குஷன் உறை வரும், ஐந்து துண்டாக வெட்டிய ஏழு குதிரைகள் சுவரில் ஏறும். வீடு பழையபடியே இருக்கும், பர்ஸ்தான் மெலியும். என் கட்சி வேறு. நம் வீட்டில் பொருளுக்குப் பஞ்சமே கிடையாது. காட்ட வேண்டியதை ஒளித்து வைக்கிறோம், ஒளிக்க வேண்டியதைக் காட்டுகிறோம், கோளாறு அவ்வளவுதான். இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ஹாலில் இருக்கும் ஷோகேஸை உற்றுப் பாருங்கள். ஆக்ராவிலிருந்து வந்த தாஜ்மகால், மினார் ஒன்று குறைவு. வாசனை தீர்ந்து பல வருஷம் ஆன துபாய் சென்ட் பாட்டில். ஆடுவதை நிறுத்திக்கொண்ட தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. யாரோ கிரகப்பிரவேசத்தில் கொடுத்த பிளாஸ்டிக் பிள்ளையார், முதுகில் விலைச்சீட்டு அப்படியே. எவரும் இதுவரை காபி குடித்திராத ஆறு கப் அண்ட் சாசர். இப்போது பரணில் ஏறுங்கள். கோணியில் சுற்றிய வெண்கல உருளி, பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, தேக்குச் சட்டம் போட்ட நிலைக்கண்ணாடி, கல்யாணத்துக்கு மட்டும் கீழே இறங்கும் பவானி ஜமக்காளம். கீழே இருப்பது மொத்தமும் ஐநூறு ரூபாய் தேறாது. மேலே இருப்பதைக் கண்டால் பழைய பாத்திரக்காரர் முகம் மலர்ந்துவிடும். விருந்தாளியைக் கீழே உட்கார வைத்துவிட்டு பங்களாவைப் பரணில் குடிவைத்திருக்கிறோம்.

இதைச் சரிசெய்ய நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நவராத்திரி வந்தால் இதே குடும்பம் ஒன்பது நாளைக்கு இன்டீரியர் டிசைனர் ஆகிவிடுகிறது. டிரங்குப் பெட்டி, பெஞ்சு, படித்து முடித்த என்ஜினீயரிங் புத்தகங்கள் எல்லாவற்றையும் முட்டுக் கொடுத்து மேலே வெள்ளை வேட்டியை விரித்தால் ஏழு படி தயார். முகம் பார்க்கும் கண்ணாடி தெப்பக்குளமாகிறது, முளைவிட்ட கடுகு வயலாகிறது. பொம்மைகள் போன வருஷத்துப் பொம்மைகள்தான், செட்டியாரும் அதே செட்டியார்தான். ஆனாலும் வருகிறவர்கள் முதல் தடவை பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். எல்லாம் சுண்டலுக்கான மரியாதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே இடத்தில் தினமும் இருப்பதைக் கண் கண்டுகொள்வதில்லை. இடம் மாறினால் மறுபடியும் பார்க்கிறது. பொருள் புதிதாக இருக்க வேண்டியதில்லை, அது இருக்கும் இடம் புதிதானால் போதும் என்று கொலு வருஷா வருஷம் நிரூபிக்கிறது. நாமும் பண்டிகை முடிந்த கையோடு அந்த நிரூபணத்தையும் பொம்மைகளோடு சேர்த்துத் துணியில் சுற்றி மேலே ஏற்றிவிடுகிறோம்.

ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். ஒன்றோடு நிற்காது என்பதற்குப் பிரெஞ்சு எழுத்தாளர் டிடெரோவே சாட்சி. பழைய அங்கியைப் பறிகொடுத்த வருத்தத்தில் 1769இல் அவர் ஒரு கட்டுரையே எழுதினார். புதிதாக வந்த சிவப்பு அங்கிக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்த மற்றதெல்லாம் மட்டமாகத் தெரிய, வைக்கோல் நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது, மேஜை மாறியது, அலமாரி மாறியது, கையிருப்பு கரைந்தது. மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988இல் இதற்கு 'டிடெரோ விளைவு' என்று பெயர் சூட்டினார். நம் ஊரில் பெயர் வைக்க நேரமில்லை, கடையில் கூட்டம் அதிகம். சோபாவுக்கு மேட்சாகக் கர்ட்டன், கர்ட்டனுக்கு மேட்சாகப் பெயின்ட், பெயின்டுக்கு ஏற்ற லைட், லைட்டைப் பதிக்க ஃபால்ஸ் சீலிங். சீலிங் போட வந்தவர் பரணையும் மூடிவிட்டுப் போவார்.

"பழசை ஹாலில் வைத்தால் வீட்டில் கஷ்டம் என்று நினைப்பார்களே" என்பது அடுத்த ஆட்சேபணை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போனால் இந்தப் பயம் தெளிந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளை விட்டுக் கிளம்பிய மரச்சாமானும் எனாமல் பாத்திரமும் பித்தளை அண்டாவும் அங்கே கடை கடையாக விலைக்கு நிற்கின்றன; கஷ்டப்பட்டவர்கள் வாங்கும் விலையில் இல்லை. எடைக்குப் போட்ட உருளி நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் தண்ணீரும் பூவுமாக வீற்றிருக்கிறது. போட்ட குடும்பமே அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பழைய வீடுகளைப் பார்த்து உருகுகிறோம். அந்த நேரத்தில் சொந்த ஊஞ்சல் பலகை பரணில் அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டிருக்கும்.

"பித்தளையை யார் தேய்ப்பது?" என்ற கேள்வியைப் பெரும்பாலும் தேய்க்காத ஆண்கள்தான் எழுப்புவார்கள். காற்றுபட்டுக் கறுத்துப்போவது பித்தளையின் குணம். அந்தக் கறுப்பைக் கரைப்பது புளியிலுள்ள அமிலத்தின் குணம். ரசத்துக்குக் கரைத்து எடுத்த சக்கையே இதற்குப் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கவும் வேண்டாம். இந்த மாதம் இரண்டு, அடுத்த மாதம் வேறு இரண்டு என்று சுழற்சி முறையில் இறக்கலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது இன்னும் தோது. உருளிக்கும் ஜமக்காளத்துக்கும் ஆணி அடிக்க வேண்டியதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட ஹவுஸ் ஓனரின் அனுமதியும் தேவையில்லை. 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்த பிறகு நம் நாற்காலிகள் ஒவ்வொன்றாக ஒரே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. அவற்றில் இரண்டை எதிரும் புதிருமாகப் போட்டுப் பாருங்கள், ஹாலே வேறு ஹாலாகிவிடும். ஒரே ஓர் அபாயம், வீட்டில் பேச்சுவார்த்தை ஆரம்பித்துவிடலாம்.

யாருமே எதையும் வாங்காவிட்டால் பொம்மை செய்கிறவரும் பாய் நெய்கிறவரும் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்டால், அது கனமான கேள்வி. அதற்கும் கொலுவிலேயே பதில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை வாங்கிச் சேர்ப்பது பழைய வழக்கம். வாங்குவது ஒன்றாக இருக்கட்டும், அது பத்தமடைப் பாயைப் போல ஒரு கைவினைஞரின் உழைப்பாக இருக்கட்டும். குதிரைகள் ஓடியது போதும். பழசு எல்லாமே பொக்கிஷம் என்றும் நான் வாதாடவில்லை. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி எந்த மூலையில் வைத்தாலும் அட்டைப்பெட்டிதான். அதைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடுங்கள், போகிக்கு மிச்சம் வைக்காதீர்கள். 2018 போகியன்று சென்னையின் புகைமூட்டத்தில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குப் போயின. நம் வீட்டுக் கிழிந்த பாய்க்கு அத்தனை செல்வாக்கு வேண்டாம். ஆகவே வாசகப் பெருமக்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பும் முன் பரணில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அதற்கும் வீட்டில் ஏற்கெனவே இருப்பவரே போதும்.