நண்பகல் இருட்டு

கேள்வி: சிலுவைக் காட்சியை வரைந்த ஓவியர்கள் பலர், நண்பகலை இருட்டாகத் தீட்டுவானேன்? (ஹட்டன் வாசகர்)

பதில்: மத்தியானம் தொடங்கி மூன்று மணி நேரம் பூமியை அந்தகாரம் மூடிற்றென்று சுவிசேஷம் சொல்வதால், சூரியனைப் பறிகொடுத்த ஓவியர்கள் இயேசுவின் சரீரத்தையே தீபமாக ஏற்றிக்கொண்டார்கள்; 1632 அளவில் வெலாஸ்கெஸ் தீட்டிய சித்திரத்தில் மலையுமில்லை, ஜனங்களுமில்லை, காரிருளும் அந்தத் திருமேனியின் ஒளியுமே உண்டு. பட்டப்பகலில் மூடுபனி இறங்கி, அடுத்த நிரையில் கொழுந்தெடுப்பவளின் முகம் மறைந்துபோகும் உங்கள் ஊருக்கு இதில் வியாக்கியானம் எதற்கு? நுவரெலியாவில் மிஷன் ஊழியம் செய்த குடும்பத்துப் பிள்ளையான டேவிட் பெய்ன்டர், கண்டி திரினிட்டி கல்லூரித் தேவாலயச் சுவரில் தாம் தீட்டிய வேதாகமக் காட்சிகளுக்கு இலங்கை முகமும் நிலமும் கொடுத்தார். சிலுவைக் காட்சியும் அங்கே உண்டு. ரயிலேறிப் போய்ப் பாருங்கள். வழியில் சுரங்கம் வந்தால், அதன் இருட்டுக்குத் தனிக் கட்டணமில்லை.