ஒட்டலுக்கு ஒரு புணர்ச்சி இலக்கணம்

காப்பி-பேஸ்டுக்கு இலக்கணம் தேவையா என்று கேட்போருக்கு ஒரே பதில்: பவணந்தி முனிவர் அதை எப்போதோ எழுதிவிட்டார். நிலைமொழியோடு வருமொழி சேரும்போது ஒன்றும் மாறாவிட்டால் இயல்பு, மாறினால் விகாரம். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. கோப்பில் ஒரு வரியை ஒட்டிப் பார்த்த எவரும் இம்மூன்றையும் பட்டறிந்தவரே.

வரலாறு கொஞ்சம். 1970-களில் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிராவோ என்றொரு எழுத்துச் செயலி இருந்தது. அதில் தட்டும் எழுத்து சில வேளை எழுத்து, சில வேளை கட்டளை. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் ‘எடிட்’ என்று தட்டினால், ‘இ’ கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுக்கும், ‘டி’ அதை அழிக்கும், ‘ஐ’ புதிதாக எழுத இடம் திறக்கும், கடைசி ‘டி’ மட்டும் திரையில் மிஞ்சும். கெடுதல் விகாரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதே ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கிய ஜிப்சியில் வெட்டு, ஒட்டு முறை வந்தது. பதிப்பகத்தார் கத்தரியாலும் பசையாலும் செய்துவந்த வேலைக்குக் கணினியில் அதே பெயர்.

தோன்றல் எளிது. வேர்டில் பத்தியின் வடிவமைப்பு முழுவதும் பத்தியின் கடைசியில் ஒளிந்திருக்கும் குறிக்குள் அடங்கியிருக்கிறது. தேர்ந்தெடுக்கும்போது அந்தக் குறியும் சிக்கிவிட்டால், அழைக்காத இடைவெளியும் ஓரமும் கூடவே வந்து உட்காரும். பெண்ணைக் கட்டினால் சீதனமாக மாமனாரும் வருவது போல.

திரிதலே ஆய்வாளர் நின்று நிதானிக்க வேண்டிய இடம். எக்செலில் சி1 கட்டத்தில் ‘ஏ1+பி1’ என்ற சூத்திரம் இருக்கிறது. அதைக் காப்பி செய்து சி2-இல் ஒட்டினால் ‘ஏ2+பி2’ ஆகிறது. சூத்திரம் நினைவில் வைத்திருப்பது முகவரியை அல்ல; ‘இடப்பக்கம் இரண்டு கட்டம் தள்ளி’ என்ற வழியைத்தான். டாலர் குறியிட்டு ஆணியடித்தால் நகராது. வியப்பு என்னவென்றால், அதே சூத்திரத்தை வெட்டி ஒட்டினால் துளியும் திரிவதில்லை. வெட்டினால் இயல்பு, காப்பி செய்தால் விகாரம்! அதையே காப்பி செய்து ஏ1-இல் ஒட்டிப் பாருங்கள்: இடப்பக்கம் தாளே தீர்ந்துபோய், இரு முகவரியும் கெட்டு, பிழைச்செய்தி முறைக்கும்.

விளையாட்டாகத் தோன்றலாம். 2003-இல் கனடாவின் டிரான்ஸ்ஆல்டா மின் நிறுவனம் ஏலத்துக்கான விரிதாளில் வெட்டி ஒட்டியபோது வரிசைகள் பிசகின. இழப்பு 2 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர். ஒற்று மிகாததற்கு மதிப்பெண் குறைத்த எந்தத் தமிழாசிரியரும் இவ்வளவு குறைத்ததில்லை.

இத்தொல்லைகளுக்கு மருந்தாக ‘வெறும் எழுத்தாக ஒட்டு’ என்ற வழியைப் பரிந்துரைப்பார்கள். இயல்புப் புணர்ச்சி அது. ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை அப்படி ஒட்டினால் வேடம் கலைந்துவிடும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். பாமினியில் பல்லாண்டு விரல் தேய்ந்த டைப்செட்டர் மட்டும் அதை ஒன்றும் நடக்காததுபோலத் தமிழாகவே படித்துக்கொண்டு போவார்.