வேலூர் வெயிலுக்கு உல்லன் குல்லா

குந்து கண்ணு. அந்தப் பைய எதுக்கு முதுவுக்குப் பின்னால ஒளிக்கிற? ஆயாவுக்குக் கண்ணுலதான் புரை, காது இன்னும் நல்லாத்தான் கீது. ராவெல்லாம் உன் செல்லுக்குள்ள ஒருத்தி ‘இப்ப ஒரு சங்கிலி, இப்ப ஒரு சங்கிலி’ன்னு ஓதிக்கினே இருந்தா. வெளிய எடு, பாப்போம்.

அய்யய்ய, உல்லன் குல்லாவா? ஏம்மே, நாம எந்த ஊர்ல கீறோம்? அக்னி நட்சத்திரத்துல வெயிலு நாப்பது டிகிரியத் தாண்டுற சீமை இது. சாமி இல்லாத கோயிலு, தண்ணி இல்லாத ஆறு, ராசா இல்லாத கோட்டைன்னு வேலூரப் பத்தி வெளியூர்க்காரன் ஒரு பட்டியலு வச்சிக்கினு கேலி பண்ணுவான். ஜலகண்டேஸ்வரர் 1981-லயே கோயிலுக்குத் திரும்பி வந்துட்டாரு. அதுலேர்ந்து பட்டியல்ல ஒரு எடம் காலியாத்தான் கீது. குளுரு இல்லாத குல்லான்னு உன் பேருல எழுதிடலாம்.

அதுவும் இது உல்லன் கூட இல்ல. கடைக்காரன் உல்லன்னு சொல்லித் தர்றது முக்காவாசி அக்ரிலிக்கு. ஆடு அத்தக் கண்ணால கூடப் பாத்திருக்காது. வேர்வைய உறிஞ்சாது, தலையில போட்டா உள்ள பொங்கல் வெக்கலாம். நம்ம ஊருக்குப் பருத்தி நூலுதான். என்னா, அது வழுக்காது, ஊசியில இழுக்கக் கொஞ்சம் கை வலிக்கும். வலிக்கட்டும்.

அடியில இன்னா கீது? அதையும் எடு. டீப்பாய்க்கு வட்ட விரிப்பா? இதுல வட்டம் எங்க கீது? சேவக் கொண்டை மாரி சுருண்டுகினு நிக்குது. மேல டம்ளர வெச்சா டம்ளரு சாமியாடும்.

அழுவாத. கணக்கு சொல்றேன் கேளு. ஒத்தக் குரோஷாவுல நடுவுல ஆறு கண்ணி போட்டு ஆரம்பிச்சா, ஒவ்வொரு சுத்துக்கும் ஆறு ஆறாக் கூட்டிக்கினே போவணும். ஆறு, பன்னண்டு, பதினெட்டு, இருவத்திநாலு. அப்பதான் தட்டையா உக்காரும். ஆறுக்குக் கொறைஞ்சா கிண்ணம் மாரி குழியும், மிஞ்சினா ஓரம் அலை அலையா எழும்பும். நீ ஆசையில வாரிப் போட்டுட்ட. கண்ணிய வாரிக் குடுத்தா கர்ணன்னு பேரு வராது கண்ணு, கொண்டைதான் வரும்.

ஆனா இந்தக் கொண்டைக்கும் ஒரு மரியாதை கீது. உன் சித்தப்பன் பையன் கணக்குப் படிக்கிறானே, அவன்தான் காட்டுனான். லாட்வியாவுல பொறந்த டைனா டைமினான்னு ஒரு அம்மா, அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியில கணக்கு சொல்லிக் குடுத்துக்கினு இருந்துது. கணக்குக்காரனுங்க நூறு வருசத்துக்கு மேல ‘ஹைபர்போலிக் தளம்’னு ஒண்ணப் பத்திப் பேசிக்கினு இருந்தானுங்க. கையில புடிச்சுக் காட்டணும்னா காயிதத்துல ஒட்டிக் காட்டுவானுங்க, அது பொசுக்குன்னு கிழிஞ்சிடும். 1997-ல இந்தம்மா குரோஷா ஊசிய எடுத்து, சுத்துக்குச் சுத்து கண்ணியக் கூட்டிக்கினே போயி, அப்படியே பின்னிக் கையில குடுத்துடுச்சு. ஒரு கோட்டுக்கு வெளிய ஒரு புள்ளி வச்சா, அந்தக் கோட்டத் தொடாம அந்தப் புள்ளி வழியா ஒரே ஒரு கோடுதான் போவும்னு உங்க ஸ்கூல்ல சொன்னாங்க இல்ல? இந்தப் பின்னல் மேல எத்தினி வேணா போவுமாம். 2005-லேர்ந்து வெர்த்தைம்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு இதே கூட்டலு வித்தையில கடல் பவளப்பாறையே பின்னி ஊர் ஊரா வெக்கிறாங்க.

உடனே தலைய நிமுத்தாத. அந்தம்மா எத்தினி கண்ணிக்கு ஒண்ணு கூட்டுறோம்னு கணக்கு வெச்சிக்கினு கூட்டுச்சு. நீ சீரியலு பாத்துக்கினு கூட்டுன. அது கண்டுபிடிப்பு, இது டீப்பாய்க்குக் கேடு.

அப்புறம் இது இன்னாது, கைக்குட்டையா? நாலு மூலையில ஒரு மூலையக் காக்கா தூக்கிக்கினு போச்சா? வரிசை முடியிற எடத்துல, கடைசிக் கண்ணிய உட்டுட்டுத் திரும்பியிருக்க. வரிசைக்கு ஒண்ணு உட்டாலும் கொஞ்ச நேரத்துல சதுரம் முக்கோணம் ஆயிடும். இது எல்லா மொதப் பின்னலுக்காரிக்கும் வர்ற வியாதி. மருந்து ரொம்ப சல்லிசு. வரிசையோட மொதக் கண்ணியிலயும் கடைசிக் கண்ணியிலயும் ஆளுக்கொரு ஊக்கக் குத்திவை. வரிசை முடிஞ்சா எண்ணு. எண்ண வராதுன்னா சீட்டுக் காசு எண்ணுறியே, அந்த மாதிரி எண்ணு.

ஏன் எண்ணச் சொல்றேன்னு கேளு. கரிகிரி ஆஸ்பத்திரி தெரியுமில்ல? 1946-ல பிராண்ட் டாக்டருன்னு ஒரு வெள்ளக்காரரு வேலூரு சிஎம்சிக்கு வந்தாரு. டாக்டருக்குப் படிக்கிறதுக்கு முந்தி கொத்து வேலையும் தச்சு வேலையும் கத்துக்கினவரு, அதனால கை சும்மா இருக்காது. தொழுநோய்க்காரங்களுக்குக் கால்ல புண்ணு ஆறவே ஆறாது. நோயிதான் காலத் தின்னுதுன்னு ஊரே சொல்லிக்கினு இருந்துது. அவரு உத்துப் பாத்தாரு. அவங்களுக்கு வலி தெரியல. ஆணி குத்தினாலும் அதே கால்ல நடக்குறாங்க, கொப்புளம் வந்தாலும் நடக்குறாங்க. புண்ணு நடையிலதான் வருதுன்னு தெரிஞ்சப்புறம் செருப்பு செய்ய ஆரம்பிச்சாரு. கட்டையில பாத்தாரு, பிளாஸ்டிக்குல பாத்தாரு, என்னென்னவோ பாத்தாரு. கடைசியில, உள்ள பொடிப் பொடியாக் காத்து அறை வெச்ச எம்சிஆர் ரப்பருல வந்து நின்னுது. சக்கரை வியாதிக்காரங்களுக்கு இன்னிக்கும் எம்சிஆர் செருப்புன்னு எழுதிக் குடுக்குறாங்களே, அதுதான். 1955-ல கரிகிரியில தொழுநோய்க்குன்னே ஆஸ்பத்திரி வந்துச்சு. வலியப் பத்தி அவரு பெரிய புஸ்தகமே எழுதினாரு. வலி இல்லாதவனுக்குத் தப்பு எங்கன்னு தெரியாது, தெரியும்போது விரலே இருக்காது. நூலுக்கும் வலி கெடையாதும்மே. மூணாவது வரிசையில பண்ண தப்ப அது முப்பதாவது வரிசையிலதான் சொல்லும். எண்ணினா அடுத்த வரிசையிலயே தெரிஞ்சிடும்.

உங்கப்பன் இன்னா சொல்றான்? ஊசியும் நூலும் வெச்சிக்கினு பொழுத ஓட்டுறாங்கறானா? அலெக்சிஸ் கேரல்னு ஒரு பிரெஞ்சு டாக்டரு, லியோன் ஊருல பூவேலை செய்யிற ஒரு பொம்பளகிட்ட ஊசி புடிக்கக் கத்துக்கினுதான் ரத்தக் குழாயத் தெச்சாரு. 1912-ல நோபல் பரிசு குடுத்தாங்கன்னு அவன்கிட்ட சொல்லு. ஊசியில நூலு கோக்கத் தெரியாம சட்டை பட்டனுக்கு உங்கம்மாவக் கூப்புடுறவன், பேச வந்துட்டான்.

எனக்கும் ஊசி புதுசு இல்ல. அப்பரு தெச்ச கை இது. கம்பெனி ஆளு மூட்டையாக் கொண்டாந்து தெருவுல எறக்குவான். வெட்டின தோலு, முன்னாடியே போட்ட ஓட்டை, மெழுகு நூலு. மொக்காசின் ஷூவுல மூஞ்சிப் பக்கம் சுருக்கம் சுருக்கமா இருக்குமே, அத்த ஊட்டுத் திண்ணையில குந்திக்கினு நாங்கதான் தெச்சோம். ஜோடிக்கு இத்தினின்னு கூலி. அது டீக்கும் வெத்தலைக்கும் காணாது, ஷூவு மட்டும் கப்பலேறிச் சீமைக்குப் போவும். அந்த வேலையில பயம் எதுக்குன்னா, தோலுக்கு மறதி கெடையாது. ஊசி ஒருவாட்டி தப்பா எறங்கின எடம் எறங்கினதுதான். இழுத்துக் கிழிஞ்சா பீசு போச்சு, கூலியிலயும் கை வெப்பாங்க. அதனால புதுசா வந்த பொண்ணுங்க கழிவுத் துண்டுலதான் குத்திக் குத்திப் பழவணும்.

நூலு அப்படி இல்ல. குரோஷாவுல எந்நேரமும் உயிரோட இருக்கிறது ஒரே ஒரு கண்ணி, அது உன் ஊசியிலதான் கீது. ஊசிய உருவிட்டு நூலப் புடிச்சு இழு, சரசரன்னு பிரிஞ்சு உன் மடியில வந்து உழும். காசு நஷ்டம் இல்ல. சுருட்டை சுருட்டையா இருக்கும், தண்ணியில நனைச்சு கொடியில தொங்கவுடு, நேராயிடும். நீ என்னடான்னா பிரிக்கச் சொன்னா மூஞ்சிய சுளிக்கிற. 2019-ல கவர்மெண்டே வேலூரு மாவட்டத்த மூணாப் பிரிச்சுது. ராவோட ராவா வேலூர்க்காரன் ராணிப்பேட்டைக்காரனாயிட்டான், நம்ம ஆம்பூரு திருப்பத்தூருக்குப் போயிடுச்சு. யாராச்சும் செத்தாங்களா? உனக்கு ஒரு குல்லாவப் பிரிக்க நெஞ்சு அடைக்குது.

பிரிக்க முடியாத பின்னலும் நம்ம ஊர்ல ஒண்ணு கீது, அத்தயும் தெரிஞ்சுக்கோ. எங்கப்பன் காலத்துல ஆவாரம்பட்டைத் தண்ணியிலயும் கடுக்காயிலயும் தோலு வாரக்கணக்குல ஊறும். அப்பால குரோமியம் வந்துச்சு, சீக்கிரமா வேலை முடியுதுன்னு எல்லாரும் அதுக்குத் தாவுனாங்க. கழிவ எங்க உடுறது? பக்கத்துலதான் பாலாறு கீதே, ‘உட்டுப் பாப்போம், என்னா ஆவுது’ன்னாங்க. என்னா ஆச்சுன்னு கெணத்துத் தண்ணிய வாயில வெச்சவனைக் கேளு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 1996 ஆகஸ்டு 28-ல தீர்ப்பு. டேனரி ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபா அபராதம். கெடுத்தவன் காசு கட்டணும், கெடும்னு சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்கணும்னு சொன்னாங்க. வக்கீலுக்குப் படிக்கிற பசங்க இந்தியா முழுக்க இன்னிக்கும் ‘வேலூர் கேசு’ன்னு அத்தப் படிக்கிறாங்க. 2025 ஜனவரியில மறுபடியும் அதே கோர்ட்டு, அதே ஆத்துக்கு இன்னொரு தீர்ப்பு. ஆத்தப் புடிச்சு இழுத்துப் பாத்தாங்க, பிரியல. செஞ்சு பாக்குறதுக்கு நூலு இருக்கச் சொல்ல ஆத்துல போயா செஞ்சு பாப்பாங்க? பெரிய படிப்புப் படிச்சவனுங்க.

சரி, அந்தச் செல்ல அணைச்சு வை. நீ பாக்குற நேரத்துல பாதி பின்னியிருந்தா இன்னேரம் ஒரு தெருவுக்கே விரிப்பு போட்டிருக்கலாம். எங்க காலத்துல ஒயர் கூடை எப்புடிக் கத்துக்கினோம் தெரியுமா? சிவன் கண் முடிச்சு, நெல்லிக்கா முடிச்சுன்னு பக்கத்து ஊட்டுக்காரி போட்டுக்கினு தளுக்கா மார்க்கெட்டுக்குப் போவா. கேட்டா சொல்லித் தரமாட்டா. சக்கரை எரவல் வாங்குற சாக்குல அவ ஊட்டுக்குப் போயி, கூடையத் தலைகீழாத் திருப்பி, அடி எப்புடி ஆரம்பிச்சிருக்கான்னு பாத்துட்டு வந்துடுவோம். போட்டது கோணினா பிரிப்போம், மறுபடி போடுவோம். சக்கரைய மட்டும் திருப்பிக் குடுக்கல.

சென்னையில பொம்பளைங்க ஒண்ணு சேந்து என்னா பண்ணாங்கன்னு பாரு. சுபஸ்ரீ நடராஜன்னு ஒருத்தங்க ஆரம்பிச்ச ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ கூட்டம், 2016 ஜனவரி 31-ல 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரே போர்வை வெச்சு கின்னஸ்ல ஏறிட்டாங்க. ரெண்டே முக்கா ஏக்கரு! சென்னை வெயிலுக்குப் போர்வையான்னு நீ சிரிக்காத, வேலூர்ல குல்லா போட்டவளுக்கு அந்த உரிமை இல்ல. அத்தினி பேரு பின்னினத ஒட்டுப்போடணும்னா எல்லாத் துண்டும் ஒரே அளவுல இருக்கணும். ஒருத்தி இறுக்கிப் போடுவா, ஒருத்தி தொளதொளன்னு போடுவா. நீ காலையில புருசனோட சண்டை போட்டப்ப பின்னினது இறுக்கம், சாயங்காலம் அவன் மல்லிப்பூ வாங்கியாந்தப்புறம் பின்னினது தளர்ச்சி. பாரு, குல்லாவுலயே தெரியுது. அதனால எந்த வேலைக்கும் மொதல்ல நாலு அங்குலத்துக்கு ஒரு துண்டு போட்டு அளந்து பாரு. இறுகினா பெரிய ஊசி எடு, தளந்தா சின்ன ஊசி.

இப்ப குல்லாவப் பிரி. ஆமா, என் எதுக்கவே பிரி. அந்த அக்ரிலிக்கு நூலுல வாசலுக்குத் தோரணம் போட்டுக்கலாம். நீ பருத்தி நூலு வாங்கி எனக்கு ஒரு சுருக்குப் பை பின்னு. சிரிக்காத, புதுசா கத்துக்கிறவளுக்கு அத்தவுட நல்ல வேலை கெடையாது. ஆறு ஆறாக் கூட்டி அடித்தட்டு போடு, உள்ளங்கை அகலம் வந்ததும் கூட்டுறத நிறுத்திடு, சொவரு தானா எழும்பும். வாயிக்கிட்ட ஒரு சுத்து இடைவெளி உட்டுப் போட்டா கவுறு கோக்க எடம் ஆச்சு. வெத்தலையும் புகையிலையும் ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம்.

பையத் தூக்கிக்கினு வந்தா, ஒரு ரூவா காச உள்ள போட்டு உதறிப் பாப்பேன். காசு பொத்துக்கினு வெளிய வந்துச்சுன்னா அது வலை, பை இல்ல. உங்க தாத்தன எறா புடிக்க அனுப்பிடுவேன். நின்னுச்சுன்னா அந்த ஒரு ரூவா உனக்குக் கூலி. என்னாம்மே மொறைக்கிற? ஜோடிக்குன்னு கேக்காத, ஒத்தப் பைதானே.