பழைய கத்தி, புதிய கன்னம்

காரைக்குடி பழம்பொருள் கடையில் ஒரு ஜெர்மன் சவரக்கத்தி வாங்கினேன். கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. நாளைக் காலையே முகத்தில் வைத்துவிடலாமா? (தேவகோட்டை வாசகர்)

வேண்டாம். கடைக்காரர் மெருகு ஏற்றுவது அலமாரிக்காக. உங்கள் கன்னத்துக்காக அல்ல. அந்த மெருகுச் சக்கரமே பல சமயம் வாயை மழுக்கிவிடும். முதலில் அந்தக் கத்தி தீட்டத் தகுதியானதா என்று பாருங்கள். விளக்கடியில் பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். வாயோரம் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், எந்தக் கல்லாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கத்தியின் உடம்பில் கறுப்புத் திட்டுகள் இருந்தால் பரவாயில்லை. வாயை ஒட்டித் துரு குழி பறித்திருந்தால்தான் வம்பு, தீட்டத் தீட்டப் பொடிப்பொடியாக உதிரும். வாயின் கோடு நேராக இருக்கலாம், லேசாக வெளியே வளைந்தும் இருக்கலாம். நடுவில் உள்வாங்கியிருந்தால், அதை நேராக்குவதற்குள் பாதி எஃகு கல்லில் கரைந்துவிடும். பிடியையும் பாருங்கள். பழைய செல்லுலாய்டு பிடி சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளியிட்டுக் கத்தியையும் அரிக்கும். பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் பகுதி மட்டும் துருப்பிடித்திருந்தால் பிடியைச் சந்தேகியுங்கள்.

கத்தியில் 'ஸோலிங்கன்' என்று பொறித்திருக்கிறது. நல்ல கம்பெனியா? (விருதுநகர் வாசகர்)

அது ஊர். கத்திக்குப் பேர்போன ஜெர்மன் நகரம். ஊர்ப் பெயரைக் கண்டவர்களும் பொறித்துக்கொள்ளக் கூடாது என்று 1938-இல் சட்டமே போட்டார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, பிரான்ஸில் தியேர், ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா என்று கத்திக்கென்றே வாழ்ந்த ஊர்கள் இன்னும் உண்டு. ஆனால் நல்ல ஊர்க் கத்தியும் மொக்கையாக இருந்தால் மொக்கைதான்.

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் வருகிறார். அரிவாள்மனையை அற்புதமாகத் தீட்டித் தருவார். அவரிடம் கொடுத்தால் வேலை முடிந்ததா? (திண்டுக்கல் வாசகி, கணவருக்காக)

கத்தியே முடிந்துவிடும், அம்மா. அவர் தொழிலில் குறை இல்லை. இந்தக் கத்தியின் கணக்கே வேறு. சவரக்கத்தியின் முதுகு தடிமனாக இருப்பது அழகுக்காக அல்ல. கல்லில் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். அப்படித் தொடும்போது இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 16, 17 டிகிரி கோணம் தானாகவே கிடைத்துவிடும். கோணத்தைக் கத்திக்குள்ளேயே வைத்துச் செய்திருக்கிறார்கள். சுழலும் சக்கரத்தில் இந்தக் கணக்கு ஒரு நொடியில் போய்விடும். அடுத்தது சூடு. வாய்ப்பகுதி காகிதம் போல மெல்லியது. தீப்பொறி பறக்கும் சக்கரத்தில் அது சட்டென்று சூடேறும். ஓரத்தில் நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம் போயிற்று என்று அர்த்தம். பிறகு எப்படித் தீட்டினாலும் கூர் நிற்காது.

சரி, யாரிடம்தான் கொடுப்பது? (தஞ்சாவூர் வாசகர்)

இன்று பெரும்பாலான சலூன்களில் பாதி பிளேடு மாட்டும் கத்திதான். தொற்றுக்குப் பயந்து வந்த நல்ல மாற்றம் அது. ஆனால் அதனால் தீட்டும் கல்லும் தோல் வாரும் கடையைவிட்டுப் போய்விட்டன. உங்கள் ஊரில் அந்தக் காலத்திலிருந்து தொழில் செய்த பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் போங்கள், மரியாதையாகக் கேளுங்கள், கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால், இந்த மாதிரிக் கத்தியால் தானே தினமும் சவரம் செய்கிற ஆர்வலரைத் தேடுங்கள். அவரிடம் இரண்டு கேள்வி போதும். "எந்தக் கல்லில் முடிப்பீர்கள்?" 1000 நம்பர் கல்லில் வாயின் சரிவை உருவாக்கி, 4000, 8000 என்று ஏறி, 12000-இலோ அதற்கு இணையான இயற்கைக் கல்லிலோ முடிப்பேன் என்கிற மாதிரி பதில் வந்தால் நம்பலாம். "தீட்டியபின் அந்தக் கத்தியால் சவரம் செய்து பார்ப்பீர்களா?" இதற்கு ஆமாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள். திரும்பி வந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நானே தீட்டக் கற்றுக்கொள்ளக் கூடாதா? (கோவை வாசகர்)

தாராளமாக. ஆனால் இரண்டாவது கத்தியில். முதல் சவரத்தில் கன்னம் எரிந்தால் காரணம் என்ன? கத்தி மொக்கையா, கை தப்பா, நுரை காய்ந்துவிட்டதா? கைதேர்ந்தவர் தீட்டிய கத்தி கையில் இருந்தால் ஒரு சந்தேகமாவது தீரும். அதைவிட முக்கியம், சரியான கூர் தோலில் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாதவர், தான் தீட்டியது போதுமா போதாதா என்று எதை வைத்துச் சொல்வார்? பழகும்போது ஒரு வழி சொல்கிறேன். வாயின் சரிவில் மார்க்கர் மை பூசி, அழுத்தாமல் கல்லில் ஓரிரு முறை ஓட்டிப் பாருங்கள். மை முழுதும் அழிந்தால் கல் வாய்வரை தொடுகிறது. நுனியோரம் மெல்லிய கறுப்புக் கோடு மிச்சமிருந்தால், எத்தனை மணி நேரம் தீட்டியிருந்தாலும் நீங்கள் இன்னும் வாயைத் தொடவே இல்லை.

தீட்டி வந்த கத்தியைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தால் கூர் தெரியுமா? (மதுரை வாசகர்)

விரலும் போகும், கூரும் போகும். முன்னங்கை முடியைத் தோல் படாமல் மேலாக அறுத்துப் பாருங்கள். இழுக்காமல் சத்தமில்லாமல் விழுந்தால் நல்ல அறிகுறி.

தோல் வார் கட்டாயமா? (நாகர்கோவில் வாசகர்)

கட்டாயம். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்பு. கல்லில் வாய் முன்னே போகும். வாரில் முதுகு முன்னே போக வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே உருட்டித் திருப்புங்கள், வாய் பக்கம் திருப்பினால் வாரும் கிழியும், வாயும் மடங்கும். வார் தொய்யாமல் இருக்கட்டும். அழுத்தம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். புதிதாகப் பழகுபவர் நல்ல கூரைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். அதனால் மலிவான வாரில் பழகுங்கள், கீறல் விழத்தான் செய்யும். உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், கடலோரக்காரர் என்பதால்: சவரம் முடிந்ததும் கத்தியை நன்றாகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். கார்பன் எஃகு உப்புக் காற்றில் ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும்.

முதல் சவரம் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? (திருச்சி வாசகர்)

கன்னத்தில் தொடங்கிக் கன்னத்திலேயே முடியுங்கள். வெந்நீரில் குளித்த கையோடு, நுரை ஈரமாக இருக்கும்போதே, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, முடி வளரும் திசையிலேயே சின்னச் சின்னதாக இறக்குங்கள். தாடையும் மேலுதடும் கழுத்தும் இன்னும் சில வாரம் பழைய ரேஸருக்கே இருக்கட்டும். வெட்டுப்பட்டால் படிகாரம் தடவுங்கள். கன்னத்திலேயே முடியைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, தீட்டியவரிடம் கத்தியைத் திருப்பிக் கொண்டுபோங்கள். நல்ல கைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வாங்கிப் பார்த்து மறுபடி தீட்டித் தருவார்.