பாத்துப் போட்டுக் கொடுங்க

தொண்ணூறுகளில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குச் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள் எழுதித் தரப் போயிருந்தோம். விலை சொல்வது எங்கள் முதலாளியின் வேலை. எஸ்டிமேட் என்று காகிதத்தில் அவர் எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. காம்பவுண்டுக்குள் நிற்கிற லாரிகளை நோட்டம் விடுவார். காபி வெள்ளி டம்ளரில் வருகிறதா, கண்ணாடி கிளாஸில் வருகிறதா என்று பார்ப்பார். "எவ்வளவுங்க ஆகும்?" என்று மில்காரர் கேட்டதும் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, "எண்பத்தேழாயிரத்து நானூறு" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அந்த நானூறு எதுக்கு சார்?"

"தொண்ணூறுன்னா வாயில வந்ததைச் சொன்னேன்னு தெரிஞ்சிடும். நானூறு இருந்தாத்தான் கணக்குப் போட்ட மாதிரி இருக்கும்."

மில்காரர் மட்டும் லேசுப்பட்டவரா? "பாத்துப் போட்டுக் கொடுங்க தம்பி" என்ற ஒரே வாக்கியத்தில் நானூறையும் கூடவே ஏழாயிரத்தையும் கழித்துவிட்டு, முன்பணத்தை மஞ்சப்பையிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார். வேலை எதுவரை என்று வரையறுக்கும் ஸ்கோப் என்ற சொல் அந்த அறையில் எழவேயில்லை. அவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி அச்சடித்ததும் அந்த எண்பதாயிரத்துக்குள்தான் அடங்கியது.

இத்தனைக்கும் மென்பொருள் வேலையை மதிப்பிடும் சாஸ்திரம் அப்போதே தயார். ஐபிஎம்மில் ஆலன் ஆல்பிரெக்ட் 1979இல் ஃபங்ஷன் பாயின்ட் முறையை வெளியிட்டிருந்தார். பாரி போம் 1981இல் கோகோமோ சூத்திரங்களைத் தடித்த புத்தகமாகவே போட்டிருந்தார். எங்கள் முதலாளிக்கு லாரிகள் போதுமாயிருந்தன.

இப்போது விலை சொல்கிற நாற்காலியில் நான். லாரியை எண்ண வழியில்லை. வாடிக்கையாளரை ஜூமில்தான் பார்க்கிறேன். பதிலுக்கு எக்செல் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும், எல்லாம் கூடிவந்தால் எத்தனை ஆள்-நாள் (மேன்டே), வழக்கமாக எத்தனை, நாசமாய்ப் போனால் எத்தனை என்று மூன்று எண்கள். நடு எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகக் கண்ட வழி இது. நான் ஜவுளிக்கடை ஸ்டாக் ரிப்போர்ட்டுக்குப் பயன்படுத்துகிறேன். வேலை எவ்வளவு பெரிது என்று ஆளுக்கொரு எண் சீட்டைக் காட்டும் ஆட்டம் வேறு குழுவில் உண்டு, பிளானிங் போக்கர் என்று பெயர். புதிதாகச் சேர்ந்த பெண் 13 காட்டுவாள், சீனியர் 3 காட்டுவார், சாப்பாட்டு மணி நெருங்கினால் எல்லாரும் 5க்கு வந்துவிடுவார்கள்.

இத்தனை சடங்கும் தொடங்கும் முன்பே சேல்ஸ் தம்பியிடமிருந்து போன் வந்திருக்கும். "சார், அவங்க பட்ஜெட் இருபது லட்சமாம்." அப்புறம் ஷீட்டில் கணக்கு கீழிருந்து மேலே நடக்கும். டெஸ்டிங் சுருங்கும், பஃபர் வீங்கும், கடைசியில் 19,86,400 என்று வந்து நிற்கும். நானூறை யோசித்துச் சேர்க்கிற சிரமம்கூட இப்போது இல்லை, சூத்திரமே போட்டுக்கொள்கிறது.

பிறகு பர்ச்சேஸ் இலாகா. ரேட் கார்டில் பத்து சதவீதம் குறைக்கச் சொல்வார்கள் என்று தெரிந்து பதினைந்து ஏற்றி வைத்திருப்போம். ஏற்றியிருப்போம் என்று அவர்களுக்கும் தெரியும். மென்பொருள் சேவைக்கு வரியே 2008இல்தான் வந்தது, இப்போது ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைக் கட்டிவிட்டு இன்புட் கிரெடிட்டாகத் தன் வரியில் கழித்துக்கொள்ளப் போகிறவரே "இன்க்ளூசிவ்தானே?" என்று கேட்பார். சமீபத்தில் ஒருவர், "கோடு எல்லாம் ஏஐ எழுதிடுது, மேன்டேயைப் பாதியாக்கவும்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்த மின்னஞ்சலையும் ஏஐதான் எழுதியிருக்க வேண்டும்; அவ்வளவு மரியாதை.

விலை படிந்ததும் பர்ச்சேஸ் ஆர்டர் வரும். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆர்டர் 90 நாள் என்கிறது. அந்த இடைவெளிக்கான வட்டியை எந்தத் தலைப்பில் கேட்பது? 'ஆவணப்படுத்தல், 8 மேன்டே' என்றொரு வரியில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆவணத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.