கேள்வி – பதில்: உடம்பின் மூன்று காவல்

(தேவராஜ மொஹல்லா வாசகர்கள் கேட்டவை)

கே: தேவராஜா மார்க்கெட்டில் இஞ்சி, மஞ்சள், எலுமிச்சை வாங்கிக் கஷாயம் வைத்துக் குடித்தால் எதிர்ப்புச் சக்தி ஏறுமா?

ப: தொண்டைக்கு இதம், குடியுங்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தி டம்ளர் கணக்கில் ஏறாது. தோல், சளிப்படலம், வயிற்று அமிலம் முதல் காவல். அதைத் தாண்டும் கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் இரண்டாவது. ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைத்து, மறுபடி வந்தால் மடக்கும் அணுக்கள் மூன்றாவது. மூன்றுக்கும் தேவை பருப்பு, கீரை, பழம், நல்ல தூக்கம்.

கே: நோய் வராமலே அந்த நினைவை உண்டாக்க முடியுமா?

ப: அதுதான் தடுப்பூசி. அதற்கு நம் மைசூரு அரண்மனையும் வழிகாட்டியது! பெரியம்மைக்கு எதிராக எட்வர்ட் ஜென்னர் 1796-இல் கண்ட முறை 1802-இல் பம்பாய்க்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை மணந்த தேவஜம்மணி அம்மை குத்திக்கொண்டார். தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தில் ஒரு ராணி புடவையை விலக்கி மேற்கையைக் காட்டுகிறார். அவர் தேவஜம்மணியே, அம்மை குத்திய இடத்தைக் காட்டவே அப்படி நிற்கிறார் என்கிறார் வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர். பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது.

கே: காய்ச்சல் வந்ததும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கலாமா?

ப: கூடாது. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். உடம்பு சுடுவதே கிருமியோடு அது போராடுவதால்தான். ஓய்வெடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். மூன்று நாளில் தணியாவிட்டாலும், மூச்சுத் திணறினாலும் டாக்டரிடம் போங்கள்.

கே: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லை. என்ன செய்வது?

ப: காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 1971-இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலானாபிஸ் இத்தகைய கரைசலால்தான் காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். குழந்தை சோர்ந்தால், குடிக்க மறுத்தால், தாமதம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கே: தெருநாய் கடித்தால் மஞ்சள் வைக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி போய் வெறிநோய்த் (ரேபிஸ்) தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சொன்ன தேதிகளில் ஒன்றையும் விடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதிலும் அரிது. அதற்கு முன்பே போட்ட ஊசி காப்பாற்றும்.

கே: வீட்டில் அவசியம் இருக்க வேண்டியவை?

ப: தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ்., பஞ்சு, கட்டுத்துணி, சோப்பு. இவற்றோடு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை. விட்டுப்போன ஊசி இருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.