டாப் கோட் இன்னும் காயலை

சித்திரை மாதத்து மதியம் மூன்று மணி. கரண்ட் இருக்கிறது, ஆனால் ஃபேன் ஓடவில்லை. தாத்தா பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறார். மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு காட்சியைக் கண்டால், உள்ளே ஒரு நகச்சித்திரக்காரி வேலையில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

"இன்னும் எம்புட்டு நேரம் தாயி?"

"ரெண்டே நிமிஷம் தாத்தா. காத்துப் பட்டா பாலிஷ் தட்டுலயே காஞ்சிரும்."

அவள் சொன்னது பொய்யில்லை. ஒரு விரலுக்கு இரண்டு நிமிடம்தான். விரல் பத்து இருப்பதைத்தான் அவள் சொல்லவில்லை.

பார்லருக்குப் போய்க் கையை நீட்டிவிட்டுச் செல்போன் பார்க்கிறவளோடு இவளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவள் வாடிக்கையாளர். இவளோ முதலாளி, தொழிலாளி, சூப்பர்வைசர் எல்லாம் தானேயாக ஒரு தொழிற்சாலையை மடியில் வைத்து நடத்துகிறவள். ஆன்லைனில் வந்த, டிசைன் செதுக்கிய எவர்சில்வர் தட்டுகள், சிலிக்கோன் தலை வைத்த ஸ்டாம்பர், பஞ்சு, அசிட்டோன் புட்டி, பதினெட்டு வகை சிவப்பு. பதினெட்டும் ஒரே சிவப்புதானே என்று அப்பா ஒருமுறை கேட்டுவிட்டார். அன்று ராத்திரி அவருக்கு யாரும் தோசை ஊற்றவில்லை.

முதல் தட்டு வந்த அன்று நடந்ததை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். எத்தனை தேய்த்தும் டிசைன் எழும்பவில்லை. விற்றவனைத் திட்டி விமர்சனம் எழுதி, ஒற்றை நட்சத்திரமும் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் தம்பிதான் தட்டின் மேல் ஒட்டியிருந்த நீலப் படலத்தை நகத்தால் நெம்பி உரித்துக் காட்டினான். கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புவது அது. விமர்சனத்தை மட்டும் அவள் இதுவரை திருத்தவில்லை.

தட்டுகளில் உள்ள சரக்கைப் பார்க்க வேண்டும்: பனித்துகள், ஈஃபில் கோபுரம், பல்லிளிக்கும் பூசணிக்காய். மயிலும் மாங்காயும் உள்ள தட்டுகளும் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் அக்கினி நட்சத்திரத்தில் பத்து நகத்திலும் பனி பெய்ய வைப்பதில்தான் இவளுக்குத் திருப்தி.

கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் கேலி கொஞ்சம் குறையும். அடியில் பூசிய நிறம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாம்பர் அதையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். தட்டில் செதுக்கிய கோடுகளின் மேல் கெட்டியான பாலிஷை ஒரு இழுப்பு. ஒரு பிளாஸ்டிக் கார்டைச் சாய்த்துப் பிடித்து ஒரே வழிப்பு. பள்ளத்தில் இருப்பது மட்டும் தங்கும். உடனே ஸ்டாம்பரை அதன்மேல் உருட்டி எடுத்து, அதே சூட்டோடு நகத்தில் உருட்ட வேண்டும். இதெல்லாம் நடப்பதற்குள் பாலிஷின் ஈரம் பறந்து அதன் மேல்பக்கம் பிசுபிசுப்பாகிவிடுகிறது. வழுக்குகிற சிலிக்கோனை விட்டுவிட்டு நகத்தைப் பிடித்துக்கொள்கிறது. வித்தை அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் கைக்கடிகார முகப்பில் எண்களை அச்சடிக்க வளர்த்தெடுத்த முறையும் இந்த வகைதான். அதைக் கொண்டுவந்து நகத்துக்குப் பரப்பியதில் கொரியாவின் கோனாட் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபேனை ஏன் அணைத்தாள் என்பதும் இப்போது விளங்கியிருக்கும். தாத்தாவுக்குத்தான் விளங்கவில்லை.

நகத்தைச் சுற்றித் தோலில் அப்பும் கறைக்கும் வைத்தியம் வைத்திருக்கிறாள். முன்கூட்டியே ஃபெவிகாலைத் தடவிக் காயவிட்டால், பிறகு கறையோடு உரித்து எடுத்துவிடலாம். தம்பியின் பள்ளிக்கூட புராஜெக்ட் பாதியில் நிற்பதன் காரணம் இதுதான்.

வழிப்பதற்குத் தட்டோடு வந்த இரும்புத் தகடு கீறல் போடுகிறதாம். பழைய ஏ.டி.எம். கார்டுதான் தோதாம். அப்பாவின் பர்ஸில் எது பழையது, எது நடப்பு என்று பார்க்க அந்த அவசரத்தில் ஏது நேரம்? பெட்ரோல் பங்கில் அவர் நீட்டிய கார்டின் ஓரத்தில் ஜிகினா மின்னியதைப் பார்த்து, பையன் கார்டையும் அவர் மீசையையும் மாறி மாறிப் பார்த்தானாம்.

அப்பத்தாவின் கட்சி தனி. "கம்பி இழுக்கத் தெரியாதவதான் அச்சு வச்சுக் கோலம் போடுவா. ஒரு ராத்திரி மருதாணி வச்சுப் படுத்தா செக்கச்செவேர்னு இருக்கும். அதை விட்டுட்டு..." என்று இழுப்பாள். "மருதாணியில ஈஃபில் டவர் வருமா அப்பத்தா?" என்று இவள் கேட்பாள். வராதுதான். அது எதற்கு வர வேண்டும் என்பது அப்பத்தாவின் கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

எல்லாம் முடிந்து மேல்பூச்சான டாப் கோட் போடும்போது வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். பிரஷின் மயிர் டிசைனில் பட்டால் இழுவிவிடும். பெரிய சொட்டாக எடுத்து, சொட்டு மட்டும் தொடும்படி மிதக்கவிட வேண்டும். அதன்பின் அவள் மகாராணி. மூக்கு அரித்தால் தம்பி சொறிந்துவிட வேண்டும். முடி முகத்தில் விழுந்தால் அம்மா ஒதுக்கிவிட வேண்டும்.

"ஏண்டி, குக்கர் நாலாவது விசில் அடிக்குது, அணைக்கக் கூடாதா?"

"அம்மா, டாப் கோட் இன்னும் காயலை!"

மேலே காயச் சில நிமிடம் போதும், உள்ளே இறுகச் சில மணி நேரம் ஆகும் என்பது உண்மை. இந்த உண்மையை அவளைப்போல் பயன்படுத்திக்கொண்டவர் இல்லை. பாத்திரம் துலக்கக் கூப்பிட்டால் காய்ந்திருக்காது. போன் அடித்தால் காய்ந்துவிடும். சாப்பாட்டுக்குக் கரண்டி. மஞ்சள் கறை ஏறிவிடுமாம். ரசஞ்சாதத்தை அவள் கரண்டியால் அள்ளுவதைப் பார்க்கச் சகிக்காமல் அப்பத்தா திண்ணைக்குப் போய்விடுவாள்.

பிறகு புகைப்படம். ஜன்னல் வெளிச்சத்தில் பாலிஷ் புட்டியைப் பிடித்தபடி இடது கை மட்டும் வரும். வலது கையை எவரும் பார்த்ததில்லை. இடது கையால் போட்டது. அதில் ஈஃபில் கோபுரம் சாய்ந்து பைசா கோபுரமாகியிருக்கும். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போனபோது, விரலில் கிளிப் மாட்ட ஒரு நகத்திலாவது பாலிஷை அழிக்கச் சொன்னார் நர்ஸ். அடர்ந்த நிறம் இருந்தால் ஆக்சிஜன் கணக்கு தப்பாகலாம். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும் யோசித்து, வலது கை மோதிர விரலைத்தான் நீட்டினாள்.

இவளைச் சோம்பேறி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு வாரம்கூட நிற்காத வேலைக்கு இத்தனை பாடுபடுகிற ஆளை வேறெங்கும் காண முடியாது. கல்யாண வீடு என்றால் முந்தின ராத்திரி சித்தி பெண், அத்தை பெண் எல்லாரும் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். காசு வாங்காமல் நூறு நகத்துக்குக் குறையாமல் குனிந்து முடிப்பவளும் இவள்தான்.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்தால் தடுக்காதீர்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அடுப்படியில் மட்டும் உட்காரவிடாதீர்கள். அசிட்டோன் கையோடு ரிமோட்டைத் தொடவிட்டால் பிளாஸ்டிக் இளகி ரேகை பதிந்துவிடும். காலாவதியான கார்டு ஒன்றை இன்றைக்கே தேடி எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள். நடப்புக் கார்டு போனால் பேங்குக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். அவளால் வர முடியாது; கை காய்ந்திருக்காது.